பபூன் இல்லாத நினைவு மலர் எதற்கு?

பாசையூர் உறவுகளே,

ஜேர்மனியில் டோட்முண்ட் நகரத்திலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை எழுதுகிறேன். தவக்காலம் தொடங்க முதல் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், சுகம் விசாரிப்பதைச் சுருக்கிக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஆடி மாதம் என் குஞ்சியப்புவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு நீங்கள் வெளியிடப்போகும் மலரின் பிரதி வட்ஸ்அப்பில் கிடைத்தது. "பாசையூரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, அன்புக் கணவர், பாசமிகு தந்தை, ஆலய மூப்பர், செபமாலைப் பக்தர் என்று வழக்கமான சொற்களெல்லாம் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒன்றும் பொய்யில்லை. அட்டைக்குத் தெரிந்தெடுத்த படம் அடையாள அட்டைக்கு எடுத்தது போலிருக்கிறது. மனிசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். பக்கம் பக்கமாகத் தேடினேன். அவர் ஒரு தரமாவது சிரித்தார், ஒருவரையாவது சிரிக்க வைத்தார் என்று ஒரு வரி இல்லை. கூத்து என்ற சொல்லே இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "செத்த மனிசனைப் பபூன் எண்டு அச்சடிச்சா குடும்பத்துக்கு மரியாதையே, பிள்ளை?" என்று பதில் வந்தது. சொன்னவர் பெரியவர், நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதில் எனக்குச் செமிக்கவில்லை. இது குடும்பத்துக்குள் பேசி முடிக்கிற விசயமும் இல்லை. அவருடைய பகிடியில் ஊர் முழுவதற்கும் பங்கு இருந்தது. அதனால் ஊருக்கே எழுதுகிறேன்.

இன்றைய பிள்ளைகளில் பலர் விடிய விடிய நடந்த கூத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது மேடையேறுவதெல்லாம் சுருக்கி வெட்டியது. அந்தக் காலத்தில் களரியில் மத்தளம் கேட்கத் தொடங்கினால், முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். ராசா வேடத்துக்கு ஆள் பிடிப்பது லேசு. உயரமும் தொண்டையும் இருந்தால் மற்றதை அண்ணாவியார் பழக்கி எடுத்துவிடுவார். பபூனுக்கு ஆள் பிடிப்பதுதான் அவருக்குத் தலையிடி. ராசாவின் தருவும் விருத்தமும் கொப்பியில் எழுதிக் கிடக்கும். பபூனுக்குக் கொப்பியில் பெரிதாக ஒன்றும் இராது. நடுச்சாமம் தாண்டிப் பாயில் சரிந்து கிடக்கிற சனத்தை எழுப்பி உட்கார வைப்பது அவன் பொறுப்பு. ஊரில் யாருக்கு அன்று நல்ல மீன்பாடு, யார் வீட்டில் கலியாணப் பேச்சு, எந்தச் சம்மாட்டி யாரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததில் எதை வாயில் எடுக்கக் கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

குஞ்சியப்புவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. களரிக்கு வராத ஆளைப் பற்றிப் பகிடி விடமாட்டார். வீட்டில் சாவு விழுந்த ஆளைத் தொடமாட்டார். வலையைக் கடலில் இழந்தவனைத் தொடவே மாட்டார். முதல் பகிடி எப்போதும் தன்னுடைய மொட்டைத் தலையைப் பற்றித்தான். ஒருமுறை எஸ்தாக்கியார் கூத்தில், முன்னுக்கு இருந்த சம்மாட்டி ஒருவரின் புது இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோன கதையை எடுத்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சம்மாட்டி சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் குஞ்சியப்பு குரலை மாற்றினார்: "அந்த மிசினைத் திருத்தப் போன விண்ணன் ஆர் தெரியுமோ, சபையோரே? நான்தான்! நான் கை வைச்ச பிறகுதான் அது நிரந்தரமா நித்திரை கொண்டது!" பழி தன் தலையில். அம்மாவின் மடியில் படுத்திருந்தபடி, அந்தச் சம்மாட்டியின் வயிறு குலுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி, மலரில் நீங்கள் அழகாக எழுதியிருக்கிற பக்திப் பக்கத்துக்கு வருகிறேன். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதிவைத்த வியாகுலப் பிரசங்கத்தை, அவர் 1742இல் இறந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் எங்கள் கோவில்களில் தவக்காலம் தோறும் பாடி அழுகிறோம். குஞ்சியப்பு பாடத் தொடங்கினால், அவரைக் கண்டாலே சிரித்துப் பழகிய பெடியன்கள் கூட நிலத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். மாதா மகனை மடியில் கிடத்தியிருக்கும் இடம் வரும்போது அவருக்குக் குரல் உடையும். பாவனை இல்லை. முடிந்து வெளியே வரும்போது சேட்டின் முன்பக்கம் நனைந்திருக்கும். "குஞ்சியப்பு, உங்களுக்கு எது உண்மை, அண்டைக்குக் களரியில நிண்டதோ இண்டைக்கு அழுததோ?" என்று நான் கேட்டேன். பதின்மூன்று, பதினாலு வயதில் கேட்கிற கேள்விதானே. "ரெண்டுக்கும் இந்த ஒரு தொண்டைதானே மோனை கிடக்குது" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். சனத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எவருக்கு எங்கே நோகும் என்று பழகிய மனிசன் அவர். அந்தப் பழக்கம்தான் பெரிய வெள்ளியில் மாதாவின் நோவை அவருக்குக் காட்டியது. பபூனை வெட்டி எறிந்துவிட்டு மூப்பரை மட்டும் வைத்திருக்க முடியாது. வெட்டினால் மூப்பரும் கையோடு போய்விடுவார்; அட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தப் படம்தான் மிஞ்சும்.

அவருடைய செபத்தை நான் கேட்டிருக்கிறேன். வள்ளத்தைத் தள்ள முதல் அணியத்தில் சிலுவை போட்டு, அந்தோனியாரோடு கதைப்பார். மன்றாட்டு என்று அதைச் சொல்ல ஏலாது. பக்கத்து வீட்டாரோடு வேலிக்கு மேலால் கதைக்கிற கதை. "நேற்று நண்டு ஒண்டும் இல்லை. எனக்கில்லாட்டிலும் பறவாயில்லை, உங்கட திருநாள் வருகுது, பேர் உங்களுக்குத்தான் கெடும்." காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதரிடம் காணாமல் போன நண்டைக் கேட்பதில் என்ன பிழை என்பது அவருடைய வாதம்.

சீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் குஞ்சியம்மாவே என்னை மன்னிக்கமாட்டா. ஞாயிறு பின்னேரம் வேப்ப மரத்தடியில் 304. அந்த நாளில் இருந்த பங்குச் சுவாமியும் வந்து குந்துவார். அந்த விளையாட்டில் ராசாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு முப்பது. "உலகத்திலயே நியாயமான விளையாட்டு இதுதான் சுவாமி. ராசாவுக்கு மூண்டு, எடுபிடிக்கு முப்பது. நீங்கள் பிரசங்கத்தில சொல்லுறதைச் சீட்டுக்கட்டு எப்பவோ சொல்லிப்போட்டுது" என்று சொல்லிக்கொண்டே காதைச் சொறிவார். காதைச் சொறிந்தால் கையில் ஜாக் இருக்கிறதென்று அவருடைய கூட்டாளிக்கு அர்த்தம். சுவாமிக்கும் அது நெடுகத் தெரியும். கள்ள ஆட்டம்தான், அதை மறைத்து மலர் போடத் தேவையில்லை. கோபமும் வரும் அவருக்கு. தோற்றால் இரவுச் செபமாலை கொஞ்சம் வேகமாக ஓடும்.

வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தேத்தண்ணி வேண்டுமென்றால் கூத்து மெட்டில் எடுத்து இழுப்பார், "மாமணி முடி தரித்த மகாராணி" என்று. குஞ்சியம்மா அடுப்படியிலிருந்து, "மகாராணிக்குக் கை ரெண்டும் கறிச்சட்டியில. ராசா எழும்பி வந்து ஊத்திக் குடிக்கலாம்" என்பா. குஞ்சியம்மாவுக்கு நாரி நோவு வந்து படுத்திருந்த மாதங்களில் மகளுக்குத் தலை பின்னி விட்டவர் அவர்தான். வலை பொத்துகிற விரல்கள்! நடுவில் வகிடு எடுத்து, மூன்றாய்ப் பிரித்து, ஒவ்வொரு திருப்புக்கும் வலை முடிச்சைப் போல இறுக்கி விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் ஒரு மயிர் கலையாது. பின்னலை அவிழ்க்க அவள் அழுவாள். ஆம்பிளை திண்ணையில் இருந்து பெட்டைக்குத் தலை பின்னுவதைப் பார்த்து ஒழுங்கையால் போனவர்கள் சிரித்தார்கள். "வாங்கோ, உங்களுக்கும் பின்னி விடுறன்" என்று கையைக் காட்டிக் கூப்பிடுவார். வந்தவர்களில் அரைவாசிப் பேருக்குப் பின்ன முடி இல்லை, அவருக்கும் இல்லை.

1990க்குப் பிறகு மின்சாரம் போனதும், பொருளாதாரத் தடை வந்ததும், மண்ணெண்ணெய் விலை ஏறியதும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் விட்டு எரித்த விளக்கில் நாங்கள் எல்லாரும் படித்தோம். அப்படி ஒரு நத்தார். பாலன் குடிலுக்கு வெளிச்சம் இல்லை. குஞ்சியப்பு தன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, குழந்தை யேசுவின் தலைக்கு மேலே ஒரு பல்பைக் கட்டினார். பெடலைக் கையால் சுற்றினால் வெளிச்சம், நிறுத்தினால் இருட்டு. பிள்ளைகள் எல்லாரும் முறை வைத்துச் சுற்றினோம். வேகமாகச் சுற்றினால் மாதாவின் முகம் வெள்ளையாகும், களைத்தால் சூசையப்பர் மங்கிப் போவார். குஞ்சியப்பு தென்னந்தும்பில் தாடி கட்டிக்கொண்டு நத்தார் பாப்பாவாக வந்து நின்று அறிவித்தார்: "இண்டைக்கு யேசுபாலனுக்கு வெளிச்சம் குடுக்கிறது பாசையூர் மின்சார சபை. கட்டணம் கட்டாத ஆக்கள் வந்து ரெண்டு சுத்துச் சுத்துங்கோ!" ஊர்ப் பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து பெடல் சுற்றினதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தும்புத் தாடி அவருக்குக் கடித்திருக்க வேண்டும். அடுத்த நாள் கன்னம் முழுக்கச் சிவப்புத் தழும்பு.

பகிடி விடாத நாளும் இருந்தது. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் கோவிலில் குண்டு விழுந்த அன்று சைக்கிளில் போனவர், இருட்டின பிறகு திரும்பினார். கை கால் கழுவினார், சாப்பிடவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. பல நாளாக அவருடைய வாயிலிருந்து வந்தது செபமாலை மட்டும்தான். பிறகு ஒரு நாள் காலையில் குஞ்சியம்மாவின் புட்டைப் பார்த்து, "இதைக் கோட்டைக்கு அனுப்பியிருந்தா மதில் கட்டியிருக்கலாம்" என்றார். குஞ்சியம்மா அழத் தொடங்கிவிட்டா. நாங்களும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அடுத்தது 1995 ஒக்டோபர் 30. ஊரே இடம்பெயர்ந்த அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு சின்ன இடத்தை மட்டும் சொல்கிறேன். நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சனம் நெருக்குப்பட்டு நிற்கிறது. மழை. ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம். குஞ்சியப்புவின் சைக்கிள் கரியரில் அரிசிப் பையும் மேலே பொலித்தீனில் சுற்றிய மத்தளமும். "மத்தளமோ இப்ப முக்கியம்?" என்று பின்னால் நின்ற ஒருவர் ஏசினார். குஞ்சியப்பு பதில் சொல்லவில்லை. அவருடைய மகளும் நானும் குளிரிலும் பயத்திலும் அழுதுகொண்டிருந்தோம். அவர் குனிந்து எங்களிடம் எஸ்தாக்கியார் கதையைத் தொடங்கினார். மானின் கொம்புகளுக்கு நடுவில் சிலுவையைக் கண்ட தளபதி, பதவியும் சொத்தும் இழந்து, மனைவியைப் பறிகொடுத்து, பிள்ளைகளோடு ஆற்றைக் கடக்கிற இடம். ஒரு பிள்ளையை ஒரு மிருகம் கொண்டுபோகும், மற்றதை இன்னொன்று. நாங்கள் பலதரம் பார்த்த கூத்து. "கடைசியில எல்லாரும் சேருவினம்தானே, அப்பா?" என்று மகள் கேட்டாள். "சேருவினம். ஆனா அந்தக் கட்டம் விடியப்புறம்தான் வரும். இப்ப சாமம்" என்றார். எங்களைச் சுற்றி நின்றவர்கள் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஏசினவரும் கேட்டார். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த மாதங்களில் அந்த மத்தளம் பட்ட பாட்டையும், அதைக் கேட்டு வந்த பிள்ளைகளையும் உங்களில் கனபேர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டது அதற்குப் பிறகு. மற்றவர்கள் அழுதார்கள், அவர் என் காதில், "அங்க பனி கொட்டுமாம். மீன் வாங்கினா ஐஸ் காசு மிச்சம்" என்றார்.

கடைசியாக அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தது மகனிடம் அவர் ஜேர்மனிக்கு வந்தபோது. ஆகஸ்டில் எங்கள் ஆக்கள் கேவலார் மாதாவிடம் போவது உங்களுக்குத் தெரியும். ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வருவார்கள். சைவக்காரரும் நேர்த்தி வைத்து வருவார்கள். ஒரு பக்கம் மெழுகுதிரி, ஒரு பக்கம் ரோல்ஸ். 1642இல் அங்கே வைத்த படம் ஒரு சின்னத் தாளில் அச்சடித்தது, உள்ளங்கையால் மறைத்துவிடலாம். குஞ்சியப்பு வரிசையில் நின்று முன்னுக்கு வந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, குனிந்து பார்த்தார். "மாதாவே, உங்கட படம் எங்கட அடையாள அட்டையளவுதான். நீங்களும் எங்களைப் போல சோதனைச்சாவடிகளைத் தாண்டித்தான் இஞ்ச வந்தியள் போல" என்றார். எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அப்படியே சிரிப்பு விம்மலாக மாறி, சுவரில் சாய்ந்து அழுதா. குஞ்சியப்பு செபமாலையை அவவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். எந்த ஊர், என்ன நடந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் கூப்பிட்ட பிறகும் நின்றார்.

இப்போது காசு விசயம். மலரின் கடைசிப் பக்கத்தில் அவர் பேரில் ஒழுங்கை முகப்பில் ஒரு வளைவு கட்டப் போவதாகவும், வெளிநாட்டு உறவுகளிடம் நிதி எதிர்பார்ப்பதாகவும் போட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் காசில் கட்டிய வளைவுகள் யாழ்ப்பாணத்தில் போதாதென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வளைவுக்குக் கீழால் போகிற பெடியனுக்கு அதில் பொறித்திருக்கிற ஆள் யாரென்று தெரியாது. பளிங்கில் பேரைக் கண்டால் குஞ்சியப்புவே, "தலை வழுக்கிறது காணாதெண்டு காலும் வழுக்கப் பண்ணியிருக்கிறாங்கள்" என்றிருப்பார். நானும் இங்கே உள்ள உறவுகளும் சேர்த்த காசு தயாராக இருக்கிறது. அது ஒரு கூத்துக்கு மட்டும்தான். சுருக்கியது வேண்டாம், முழு எஸ்தாக்கியார், களரி கட்டி, இருட்டியதிலிருந்து விடியும் வரை. உயிர்ப்பு ஞாயிறு கழியப் பழகத் தொடங்கினால் ஆடிக்குள் ஏற்றலாம். அண்ணாவியாருக்குச் சன்மானம், உடுப்பு, மத்தளத்துக்குப் புதுத் தோல் எல்லாம் எங்கள் பொறுப்பு. கொப்பியைக் குஞ்சியப்புவின் மகள் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். எழுத்து மங்கிய பக்கங்களை நான் இருந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

பபூனுக்கு ஆள் யார் என்று கேட்பீர்கள். குஞ்சியப்புவின் மகளின் மூத்தவள் இருக்கிறாள். அந்தப் பிள்ளை எனக்கு அனுப்புகிற குரல் செய்திகளை நான் வேலைக்குப் போகிற ரயிலில் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்ற பேரனாரின் கணக்கு அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. பெண்பிள்ளை பபூன் கட்டுவதோ என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். பெண் வேடத்தை ஆம்பிளைகள் கட்டி, மீசை வழித்த கன்னத்தோடு ஞானசௌந்தரியாக நின்றபோது யாரும் சுளிக்கவில்லையே. அவளைக் கேளுங்கள். மாட்டன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் கதைக்கிறேன்.

விடியக் கூழ் காய்ச்ச வேண்டும். ஒடியல் மாவை நேரத்தோடு ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்துக் கசப்பை எடுத்துவிடுங்கள். போன திருநாளுக்கு வந்த என் தம்பி அதில் குறை சொன்னான். நண்டும் இறாலும் பாசையூர்ச் சந்தையிலேயே எடுங்கள். பலாக்கொட்டையும் பயித்தங்காயும் போதிய அளவு போடுங்கள். குடிக்கப் பிளா கோலுங்கள், பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம். மலரின் அட்டைக்கு வேறொரு படம் இத்துடன் அனுப்புகிறேன். தும்புத் தாடியோடு எடுத்தது. கொஞ்சம் மங்கல்தான், அச்சகக்காரர் சமாளிப்பார்.

நான் ஆடி முதற் கிழமையே வந்துவிடுவேன். களரிக்கு முன்னால் எனக்கும் குஞ்சியம்மாவுக்கும் பாய் விரிக்க இடம் பிடித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்,
டோட்முண்ட்